மார்பிள்: பாறையிலிருந்து பலகை வரை

மதுக்கரையிலும் சங்ககிரியிலும் தோண்டும் சுண்ணாம்புக்கல்லும் மார்பிளும் ஒரே இனம்தான். இரண்டிலும் பொதுவாக முக்கியமாக இருப்பது கால்சைட் என்ற கனிமம். நம் பக்கத்துக் கல் சிமெண்டுக்குப் போகிறது. வீட்டுத் தரைக்கு வரும் வெள்ளைக் கல்லில் பெரும்பகுதி ராஜஸ்தானின் மக்ரானா, ராஜ்சமந்த் பக்கம் வெட்டி லாரியில் வருவது. கிரானைட்டில் பழகிய கையோடு இதைத் தொடக்கூடாது. கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் கிரானைட்டுக்கு 6, 7, மார்பிளுக்கு 3, 4தான்.

குவாரியில் மார்பிளுக்கு வெடி ஆகாது. வெடித்த அதிர்ச்சியில் உள்ளே விழும் மயிரிழை விரிசல் அப்போது தெரியாது, பலகையாக அறுக்கும்போதுதான் தெரியும். அதனால் டைமண்ட் ஒயர், அதாவது வைரத்தூள் பதித்த மணிகள் கோத்த எஃகுக் கம்பி. மேலிருந்து ஒரு குழி, முகப்பிலிருந்து ஒரு குழி போட்டு, இரண்டும் உள்ளே சந்திக்கும்படி செய்து, ஒயரை நுழைத்து வளையமாக இணைப்பார்கள். அடி வெட்டுதான் முதலில். பின்பக்கத்தை முதலில் அறுத்துவிட்டால், அடியை அறுக்கும்போது கல் இறங்கி ஒயரைக் கவ்விக்கொள்ளும். இணைக்கும் முன் ஒயரை மீட்டருக்கு ஒன்றிரண்டு சுற்று முறுக்க வேண்டும். முறுக்காத ஒயரில் மணிகள் ஒரு பக்கமாகவே தேயும். அறுக்கும்போது ஊற்றும் தண்ணீர் நின்றுபோனால் மணி சூடேறி மழுங்கும், ஒயரும் அறும். அறுந்த ஒயரின் மணி துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும் என்பதால், ஒயர் ஓடும் நேர்கோட்டில் யாரும் நிற்கவே கூடாது.

அறுத்த பாறையை மண்மெத்தை மேல்தான் சாய்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன், வெறும் பாறையில் விழுந்தால் பிளந்துவிடும். சாய்ந்த கல்லைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்ல கல், மொத்தென்றால் உள்ளே விரிசல்.

பல பிளேடுகள் சேர்ந்து ஓடும் கேங் சா இயந்திரத்தில் 20 மி.மீ. பலகை அறுக்கும்போது பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 5, 6 மி.மீ. கல்லைத் தின்னும். அதாவது கல்லில் ஐந்தில் ஒரு பங்கு சேறாகப் போகிறது. பிளேடின் இழுவிசை ஒரே சீராக இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வரும். பிறகு எந்தப் பாலிஷாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இதுவரை தண்ணீர் வேண்டும், இனி எபாக்ஸி என்ற பசை இறுகும் வரை ஈரமே ஆகாது. பலகையை நன்றாக உலர்த்தி, பின்பக்கம் ஃபைபர் வலையும் எபாக்ஸியும் ஒட்டி, முன்பக்க விரிசல்களிலும் எபாக்ஸி ஊற்றுவார்கள். ஈரப் பலகையில் எபாக்ஸி பிடிக்காது. சில மாதத்தில் உரிந்து வரும். எபாக்ஸி இறுகிய பிறகே பாலிஷ். தேய்க்கும் கல்லை 120, 220, 400, 800 என்று நைசு எண் ஏற ஏற மாற்றிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் அப்படியே நிற்கும். சாய்ந்த வெயிலில் பார்த்தால் தெரியும்.

வாங்கும் இடத்தில் ஒரு வேலை செய்யுங்கள். பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். எல்லா இடமும் வெளுத்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுத்தே இருந்தால், அது விரிசல். கல்லின் இயல்பான நிறக்கோடான நரம்பு என்றால் மற்ற இடத்தோடு சேர்ந்தே காயும்.

பதிக்கும்போது வெள்ளை சிமெண்டும் நல்ல தண்ணீரும் பயன்படுத்துங்கள். போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீரில் உப்பு மேலே பூக்கும், இரும்புச்சத்து இருந்தால் மஞ்சள் கறையும் ஏறும். சமையல் மேடைக்கு மார்பிளே வேண்டாம்: புளியும் எலுமிச்சையும் சிந்திய இடத்தில் பளபளப்பு அரித்துப்போகும். அங்கே கிரானைட்தான் சரி.