பக்கவாதத்துக்குப் பிறகு: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த பின் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அலட்சியம் அல்ல, பாசமும் பதற்றமும்தான். அவசரமாகத் தூக்கிவிடுகிறோம், அவசரமாக ஊட்டுகிறோம், அவர் பேச வாயெடுத்ததும் நாமே பேசி முடிக்கிறோம். இந்த அவசரம் அவர் உடம்புக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் கை தானாகவே நிதானப்படும்.

பலம் போன கையைப் பிடித்துத் தூக்குவது

இதை முதலில் சொல்லக் காரணம், கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நடப்பது, ஒருமுறை கெட்டால் மாதக்கணக்கில் வலிப்பது. தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. மேல்கை எலும்பின் தலையை அதில் நிறுத்தி வைப்பவை சுற்றியுள்ள தசைகளே. பக்கவாதத்தில் அவை தளர்ந்துவிட்டால் கையின் எடையே எலும்பைக் கீழே இறக்கும். தோள்பட்டையின் நுனிக்குக் கீழே விரலால் தொட்டுப் பார்த்து அங்கே பள்ளம் தட்டுப்பட்டால் மூட்டு இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் தசைநாரும் காயப்படும். பிறகு வலிக்குப் பயந்து அவர் பயிற்சியையே நிறுத்திவிடுவார்.

எழுப்பும் முறை இது. நாற்காலியை அவருடைய பலமுள்ள பக்கம் போடுங்கள். வீல்சேர் என்றால் பிரேக்கைப் பூட்டுங்கள். அவர் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதங்களும் தரையில் பதிய, குதிகால்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருக்கும்படி உட்காரட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் குனியட்டும். இப்போது இடுப்புப் பட்டையைப் பிடித்து நீங்கள் துணை கொடுத்தால் போதும், எடையில் பெரும்பகுதியை அவர் கால்களே தாங்கும். நேராக மேலே தூக்கினால் அவரும் பின்னால் சாய்வார், உங்கள் முதுகும் பிடித்துக்கொள்ளும்.

உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொங்கக் கூடாது. மடியில் தலையணை வைத்து அதன்மேல் இருக்கட்டும். நாள் முழுக்கக் கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில் கட்டிப்போட்டால் முழங்கை மடங்கியபடியே இறுகும். விரல்கள் ஏற்கெனவே உள்நோக்கி இறுகத் தொடங்கியிருந்தால், பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லாதீர்கள், இறுக்கம் கூடலாம். அவருக்கு வேண்டியது விரலை விரிக்கும் பயிற்சி, அதை பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள்.

படுத்த நிலையில் ஊட்டுவது, தண்ணீரைச் சாதாரணமாக நினைப்பது

விழுங்கும் தசைகள் பாதிக்கப்பட்டவருக்கு மிகவும் ஆபத்தானது கெட்டி உணவு அல்ல, தண்ணீர். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் அது வழிந்து இறங்கிவிடும். புரையேறினால் இருமுவாரே என்று இருந்துவிடாதீர்கள். தொண்டையில் உணர்ச்சி குறைந்தவர் இருமாமலே நுரையீரலுக்குள் விட்டுக்கொள்வார். சாப்பிட்டபின் குரல் நீர் கட்டியதுபோல் களகளவென்று ஒலிப்பது, காரணம் தெரியாத காய்ச்சல், மூச்சு வாங்குவது ஆகியவை அடையாளங்கள். கண்டால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்பதை விழுங்கும் திறனைச் சோதித்தவர்தான் சொல்ல முடியும். அதை நீங்களாகத் தளர்த்தாதீர்கள்.

முதுகு நேராக, பாதங்கள் ஊன்றி உட்கார்ந்த பிறகே உணவு. நீங்களும் அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் முகத்தைத் தூக்குவார், முகம் தூக்கினால் மூச்சுப்பாதை திறந்துகொள்ளும். சிறிய கரண்டியில் பாதி அளவு வையுங்கள். தொண்டை மேலேறி இறங்கியதைப் பார்த்த பின்பே அடுத்தது. டிவியை அணையுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் பலமற்ற பக்கக் கன்னத்துக்குள் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் படுக்க வேண்டாம். வாயைத் தினம் இருமுறை சுத்தம் செய்வதையும் சிகிச்சையாகவே எண்ணுங்கள்; நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வாயிலிருந்தே இறங்குகின்றன.

மாத்திரையை விழுங்கக் கஷ்டப்படுகிறார் என்று கேட்காமல் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது

சேதமான பகுதியின் வேலையை மூளையின் வேறு பகுதிகள் ஏற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். பயன்படுத்தாத கையை மூளை கணக்கிலிருந்தே விட்டுவிடும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்தக் காலத்தில் சட்டைப் பொத்தானைக்கூட நாமே போட்டுவிட்டால் கிடைக்க வேண்டிய பயிற்சியைப் பறித்துக்கொள்கிறோம். சட்டை போடும்போது பலமற்ற கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது அது கடைசியில் வரட்டும். இந்த ஒழுங்கு தெரிந்தால் பலர் தாமாகவே உடுத்திக்கொள்வார்கள். இருபது நிமிடம் ஆகும். ஆகட்டும்.

அதற்காக விரட்டவும் கூடாது. பக்கவாதத்துக்குப் பின் வரும் அசதி சோம்பல் அல்ல. காலையில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் என்பதைவிட, நாள் முழுக்கப் பிரித்துப் பத்துப் பதினைந்து நிமிடங்களாகச் செய்ய வைப்பது பலருக்கு ஒத்துவரும். மூன்று மாதம் தாண்டியதும் ‘இனி தேறாது’ என்று பயிற்சியைக் கைவிடுவது இன்னொரு தவறு. வேகம் குறையுமே தவிர, முன்னேற்றம் அத்தோடு நின்றுவிடுவதில்லை.

பேச்சையும் நடத்தையையும் தப்பாகப் புரிந்துகொள்வது

வார்த்தை வராதவருக்கு அறிவு போய்விடவில்லை, காதும் கேட்கிறது. கத்திப் பேசுவதும் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவதும் அவரை நோகடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும், ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். படம், சைகை, எழுத்து எதில் வந்தாலும் பதில் பதில்தான்.

மூளையின் வலப்பக்கம் பாதித்த சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது. தட்டின் இடது பாதியைத் தொடாமல் எழுந்துவிடுவார், கதவு நிலையில் இடது தோளை மோதுவார். அது பிடிவாதம் அல்ல. தட்டின் இடது ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் நாடா ஒட்டி, அது தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள். அழைக்கும் மணி மட்டும் வலப்பக்கமே இருக்கட்டும்.

காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் மூளைப் பாதிப்பின் விளைவாக இருக்கலாம். பேச்சை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது, சிகிச்சையும் உண்டு. ‘தைரியமா இரு’ என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள்.

சின்னதாகத் தெரிபவை

ஒரே பக்கம் படுத்து அழுந்திச் சிவந்த தோலைத் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே திசு சிதையும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். உணர்ச்சியில்லாத பக்கத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும், தரைவிரிப்புகளை எடுத்துவிடுங்கள்.

‘இப்போதுதான் நன்றாக இருக்கிறாரே’

இரத்த அழுத்தம் சரியானது மாத்திரையால்தான். அதையோ, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தையோ நாமாக நிறுத்துவது அடுத்த பக்கவாதத்துக்கு வழிவிடுவது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும்.

வாய் கோணுவது, இரண்டு கைகளையும் தூக்கினால் ஒரு கை தானாகக் கீழே இறங்குவது, நாக்குக் குழறுவது, திடீரென்று பார்வை மங்குவது, இவற்றில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்: வந்திருப்பது மூளை இரத்தக்குழாயில் அடைப்பா இரத்தக் கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போடப்படுகிறது. அந்தக் கணக்கு நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருந்துச்சீட்டையும் பழைய ஸ்கேனையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.