வடக்கையும் தெற்கையும் ஒப்பிடுவது எப்படி

சேலம் ஜவ்வரிசி ஆலையிலோ ஏற்காடு காப்பித் தோட்டத்திலோ நாலு வடமாநிலத் தொழிலாளர்களைப் பார்த்துவிட்டு, வடக்கே எல்லாம் பஞ்சம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் எந்த மாநிலம் என்று கேளுங்கள்: டெல்லியின் தனிநபர் வருமானம் நம்முடையதைவிட அதிகம், பீகாருடையது நம்மில் கால்பங்குகூடத் தேறாது. அப்புறம் குடும்பக் கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3 குழந்தைகள், இங்கே 1.8, அங்கே ஒரு சம்பளத்தில் சாப்பிடும் வாய்கள் அதிகம். கூடவே 1952-ல் வந்து 1990-களில் கைவிடப்பட்ட சரக்குக் கட்டணச் சமன் கொள்கையையும் பாருங்கள், தூரத்துக்கான சரக்குக் கட்டணத்தை மத்திய அரசு ஈடுகட்டி இரும்பும் நிலக்கரியும் நாடெங்கும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தபோது, அன்றைய பீகாரின் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் ஆலை வைக்க யார் போவார்கள்? (அதில் நமக்கும் லாபம்தான், வெளியே சொல்லமாட்டோம்.) சப்பாத்தி, இட்லியை வைத்தெல்லாம் வசதியை அளக்க முடியாது. ஊருக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறார், அது கடனுக்குப் போகிறதா படிப்புக்கா என்று அந்தத் தொழிலாளரிடமே விசாரியுங்கள். கொஞ்ச நாள் இங்கே இருந்தவர் என்றால் தமிழிலேயே பதில் வரும்.