பழைய இண்டி கார் படத்தில் வருடம் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்க ஓப்பன்-வீல் (சக்கரங்கள் மூடப்படாத கார்) ரேஸ் படம் ஒன்று, தேதியில்லாமல் கையில் கிடைக்கிறது. எல்லாரும் முதலில் பார்ப்பது நம்பரையும் பெயின்ட்டையும். இரண்டையும் நம்பாதீர்கள். ஒரே கார் பல சீசன் ஓடும், கை மாறும், ஸ்பான்சர் மாறினால் நிறமும் மாறும். விதிகள் காரில் விட்டுப்போன தடயங்களைத் தேடுங்கள்.

முதலில் எஞ்சின் எங்கே என்று பாருங்கள். ஓட்டுநருக்கு முன்னால் நீண்ட மூக்கு இருந்தால், பெரும்பாலும் 1960களின் நடுவுக்கு முந்தையது. 1961-இல் இண்டியானாபோலிஸின் 500 மைல் போட்டியான இண்டி 500-க்கு ஜாக் பிராபம் பின்புற எஞ்சின் கூப்பர் காரைக் கொண்டுவந்து 9-ஆவது இடம் பிடித்தார். இண்டி 500-இல் முன்புற எஞ்சினின் கடைசி வெற்றி 1964-இல் ஏ.ஜே. ஃபாய்ட்டுடையது, அடுத்த ஆண்டே ஜிம் கிளார்க் லோட்டஸ்-ஃபோர்டில் ஜெயித்தார். பலரும் வழுக்குவது மண் தரைப் படங்களில்தான். இண்டி 500-உம் அடங்கிய சாம்பியன்ஷிப் தொடரில் 1970 வரை மண் தடங்களும் இருந்தன, அங்கே நிமிர்ந்து நிற்கும் முன்புற எஞ்சின் கார்களே ஓடின. தரை மண்ணாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

முன்புற எஞ்சின்தான் என்றால், அடுத்து ஆட்களை எண்ணுங்கள். 1911-இல் நடந்த முதல் இண்டி 500-இல் ரே ஹாரூன் மார்மன் வாஸ்ப்பைத் தனியாக ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் பார்த்துச் சொல்லும் மெக்கானிக்குக்குப் பதிலாக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார். 1912 முதல் 1922 வரை மெக்கானிக் கட்டாயம். 1923-29-இல் கட்டாயமில்லை என்பதால், ஹாரி மில்லரின் கார்களைப் போல ஒல்லியான ஒற்றை இருக்கைக் கார்கள் வந்தன. 1930 முதல் 1937 வரை மறுபடி இருவர். 1938-க்குப் பிறகும் பழைய அகலமான சேஸிஸில் (காரின் அடிச்சட்டம்) ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டினார்கள். பக்கத்து இடம் காலியாகத் தெரிந்தால் அந்தக் காலத்தையும் யோசியுங்கள். தலையில் வெறும் துணித் தொப்பி இருந்தால் 1935-க்கு முன், அந்த ஆண்டுதான் ஹெல்மெட் கட்டாயமானது.

காரை நேர் முன்னாலிருந்து பார்க்கும் படமா? ஓட்டுநர் மூக்கின் நடுவில் இல்லாமல் வலப்புறம் ஒதுங்கி, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தால் அது ரோட்ஸ்டர். 1952-இல் ஃபிராங்க் குர்ட்டிஸ் எஞ்சினை இடப்பக்கம் தள்ளி, டிரைவ்ஷாஃப்ட்டுக்கு (எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) பக்கத்தில் ஓட்டுநரை இறக்கி உட்காரவைத்தார். அந்த முதல் காரில் பில் வுகோவிச் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது கடைசிச் சுற்றுகளில் ஸ்டியரிங் உடைந்தது. 1953, 1954 இரண்டு வெற்றிகளும் அவருக்கே. பானெட் இன்னும் தட்டையாக இருந்தால் 1957 அல்லது பிறகு, ஏனெனில் அந்த ஆண்டு ஜார்ஜ் சாலியின் கார் ஆஃபன்ஹவுசர் எஞ்சினைப் படுக்கவைத்தே ஜெயித்தது. தலைக்குப் பின்னால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி) இல்லாவிட்டால் 1959-க்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம்.

தரையையும் விடாதீர்கள். இண்டியானாபோலிஸில் 1909-இல் சுமார் 32 லட்சம் செங்கல் பதித்தார்கள். 1930களின் முடிவில் பிரதான நேர்பாதையில் மட்டும் செங்கல் மிஞ்சியது. 1961 இலையுதிர் காலத்தில் அதையும் தார் போட்டு மூடி, முடிவுக்கோட்டில் 3 அடிப் பட்டையை மட்டும் விட்டார்கள். நேர்பாதை முழுக்கச் செங்கலாகத் தெரிந்தால் 1961 அல்லது அதற்கு முன். பின்னணியில் மரப் பகோடா (அடுக்குக் கூரைக் கோபுரம்) இருந்தால் 1956 வரை. கண்ணாடியும் எஃகுமான கோபுரம் 1957-இல் வந்தது.

பின்புற எஞ்சின் காரில் பார்க்கவேண்டியது விங், அதாவது காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை. 1971-இல் மெக்லாரன் அதை எஞ்சின் மூடியின் பகுதியாக ஆக்கி விதியைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. 1972-இல் தனியாகப் பூட்டும் விங் அனுமதிக்கப்பட்டதும், போல் வேகம் (தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவரின் வேகம்) மணிக்கு 178.696 மைலிலிருந்து 195.940-க்குத் தாவியது! அகலமான விங் தனியாக நின்றால் 1972 அல்லது பிறகு. விங் இல்லாமல், ஓட்டுநருக்கு இடப்பக்கத்தில் எஞ்சின் இருந்தால் அது 1967-இன் டர்பைன் கார். பார்னெல்லி ஜோன்ஸ் ஓட்டிய இந்தக் கார் முடிவுக்கு 4 சுற்றுகளுக்கு முன் நின்றுபோனது. பக்கவாட்டுப் பெட்டிகள் நீளமாகப் பின்சக்கரம் வரை ஓடினால் 1979-இன் சாப்பரல் கார் கொண்டுவந்த கிரவுண்ட் எஃபெக்ட் (அடியில் ஓடும் காற்றே காரைத் தரையோடு இழுப்பது) காலம்.

1990களின் கடைசிப் படங்களில்தான் அதிகக் குழப்பம், அப்போது ஐ.ஆர்.எல். (இண்டி ரேசிங் லீக்), கார்ட் (CART) என்று இரண்டு தொடர்கள் போட்டி போட்டன. 1997 முதல் ஐ.ஆர்.எல். கார்களில் டர்போ இல்லாத 4 லிட்டர் எஞ்சின். ஓட்டுநர் தலைக்கு மேல் காற்று உறிஞ்சும் வாய் தெரியும். அதே காலத்து கார்ட் தொடரின் டர்போ கார்களில் அது இருக்காது, எஞ்சின் மூடி தாழ்வாக இருக்கும். 2008-இல்தான் இரு தரப்பும் ஒன்றாயின.

பின்சக்கரங்களுக்குப் பின்னால் பெரிய உறை இருந்தால் 2012-17, அதாவது டல்லாரா நிறுவனத்தின் டி.டபிள்யூ.12 கார். 2018-இல் அந்த உறை போய்விட்டது. ஓட்டுநரைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு நின்றால் 2020 அல்லது பிறகு. வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.