புது டேப்லெட் வாங்கலாமா? முதலில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் வாருங்கள்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு டேப்லெட் வந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஐந்து வாரம் ஆனது. கடையில் நின்றது அரை மணி நேரம்தான். 2021-இல் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். தள்ளுபடி விலையைப் பார்த்த அன்றே ஆர்டர் போட்டு ஒரு 8 அங்குல டேப்லெட் வாங்கினேன். அது பெரும்பாலும் பீரோவில்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால் இந்த முறை யோசித்த வழியை அப்படியே எழுதி வைக்கிறேன். வைஃபை இணைப்பது, கூகுள் கணக்கு திறப்பது எல்லாம் இதில் வராது. வாங்கவா, வேண்டாமா, வாங்கினால் எந்த அளவு என்பது மட்டும்தான்.

படி 1: ஒரு வாரக் கணக்கு

தினசரி காலண்டரில் கிழித்த தாளை எறியாதீர்கள். அதன் பின்பக்கத்தில், "போன் திரை போதவில்லை" அல்லது "இதற்குப் போய் லேப்டாப்பைத் திறக்கணுமா" என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். ஏழு நாள் போதும்.

எங்கள் வீட்டுக் கணக்கில் வந்தவை இவை. அப்பா பழைய புத்தகம் படிக்க 9 முறை. என் பிழைதிருத்தும் வேலைக்கான பிடிஎஃப் பார்க்க 6 முறை. சமையல் வீடியோ 4 முறை. பழைய படம் 3 முறை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோடு வீடியோ கால் 2 முறை.

அப்புறம், வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்துச் சமாளிக்க முடிந்ததை எல்லாம் பட்டியலில் அடித்துவிடுங்கள். படத்துக்கு டிவி இருக்கிறது. சமையல் வீடியோவுக்கு போனை நிறுத்தி வைக்கும் ஒரு ஸ்டாண்ட் போதும். தம்பியோடு பேச போனே போதும். எங்களுக்கு மிஞ்சியது படிப்பது ஒன்றுதான், ஆனால் வாரத்துக்கு 15 முறை. அடித்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு முறைகூட மிஞ்சவில்லை என்றால் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. என் தோழி ஒருத்தி இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டாண்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அதுதான் சரி.

நிறைய டைப் செய்யத்தான் வேண்டும் என்று பட்டியல் சொன்னால், அது லேப்டாப்புக்கான தேவை. டேப்லெட், அதற்கொரு கீபோர்டு, கவர் என்று கூட்டிக்கொண்டே போனால் விலை லேப்டாப் பக்கம் வந்து நிற்கும்.

படி 2: பீரோவில் இருப்பதை எடுத்துப் பாருங்கள்

பழைய டேப்லெட் இருந்தால் சார்ஜ் போட்டு, செட்டிங்ஸில் கடைசி பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி என்று பாருங்கள். அது நின்று வருடக்கணக்கில் ஆகியிருந்தால் பேங்க் வேலைக்கு அதைத் தொடாதீர்கள். படிக்க, பாட்டுக் கேட்க இன்னும் உழைக்கும். எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்து, தேவையான இரண்டு ஆப் மட்டும் போட்டால் ஓரளவு வேகம் திரும்பும்.

பின்பக்கம் லேசாகப் புடைத்திருந்தாலோ, திரை ஓரம் தூக்கிக்கொண்டிருந்தாலோ சார்ஜ் போடவே கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறது. குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

படி 3: அளவு

நான் பணத்தைத் தொலைத்தது இந்த இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, சிக்னல் விட்டு விட்டு வந்தது. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருந்து இறக்கி வைத்திருந்த சில பழைய நூல்கள் அந்த 8 அங்குல டேப்லெட்டில் இருந்தன. அப்பாவிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார். "ஏம்மா, இது ரெண்டு சுழி 'ன'வா, மூணு சுழி 'ண'வா?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். மூடி வைத்துவிட்டார்.

காரணம் இதுதான். அந்த நூல்கள் எழுத்துகளாக இல்லை, பக்கங்களைப் படமெடுத்த ஸ்கேன்கள். எழுத்துக் கோப்பாக இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரி தானே மடங்கி அடுத்த வரிக்குப் போகும். ஸ்கேனில் அது நடக்காது. பக்கம் முழுவதும் திரையின் அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது அங்குலக் கணக்கு இல்லை, அகலம். விளம்பரத்தில் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை எடுத்த அளவு. அதை வைத்து எதுவும் புரியாது.

நிமிர்த்திப் பிடித்தால் 8.7 அங்குல டேப்லெட்டின் திரை அகலம் சுமார் 11.3 செ.மீ. அகலத்தைவிட உயரம் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும் 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் என்றால் சுமார் 14.8 செ.மீ. சாதாரண ஐபேட் கொஞ்சம் சதுர வாட்டம், அது 15.7 செ.மீ. வரும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதாவது ஏ4 பக்கம் ஒன்று 8.7 அங்குலத்தில் 54 சதவீதமாகவும், 11 அங்குலத்தில் ஏறக்குறைய 71 சதவீதமாகவும், ஐபேடில் 75 சதவீதமாகவும் சுருங்கும்.

இந்த எண்களைப் பார்த்து யாராலும் முடிவு செய்ய முடியாது, கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் அதிகம் படிக்கும் பக்கம் ஒன்றை ஏ4-இல் பிரின்ட் எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். "அண்ணா, இதையே 54 பர்சென்ட்ல ஒண்ணு, 71-ல ஒண்ணு, 75-ல ஒண்ணு குறைச்சுப் போடுங்க" என்று கேளுங்கள். மெஷினில் அதற்கான பட்டன் இருக்கும். சில்லறைக் காசுதான் செலவு. 71 சதவீதம் என்பது ஏ4-ஐ ஏ5 ஆக்குவது, அது அவர்கள் அடிக்கடி செய்வதுதான்.

வீட்டுக்கு வந்து, படிக்கப்போகிறவர் கையில், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அவர் வீட்டில் போடும் கண்ணாடியோடு கொடுங்கள். இரண்டு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ன, ண எங்கே தடுக்குகிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும். 12 பாயின்ட் அளவு எழுத்து 54 சதவீதத்தில் ஆறரை பாயின்ட் ஆகிவிடுகிறது. தமிழில் அந்த அளவில் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி தூசிபோல ஆகிவிடும். அப்பா 54-ஐ எடுத்ததும் கீழே வைத்தார். 71-ஐ கடைசி வரி வரை படித்தார்.

புத்தக அளவு ஸ்கேன்களுக்குக் கணக்கு வேறு. கிரவுன் அளவுப் புத்தகத்தின் அகலம் சுமார் 12 செ.மீ., 8.7 அங்குலத் திரையிலேயே ஏறக்குறைய முழு அளவில் வரும். கிரவுன் அளவு நாவல்கள் மட்டும் படிப்பவர் பெரிய டேப்லெட் வாங்கவே வேண்டாம், கைக்கு எடையும் குறைவு. அதைவிடப் பெரிய டெம்மி அளவுப் புத்தகத்தின் அகலம் சுமார் 14 செ.மீ., அதற்கு 11 அங்குலம்தான் சரி.

எடை என்றதும் இன்னொன்று. 8.7 அங்குல டேப்லெட்டுகள் 330 கிராம் பக்கம், 11 அங்குலம் 480 கிராம் பக்கம் இருக்கும். தாம்பரம்–கடற்கரை ரயிலில் நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்துப் படிக்க நினைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. வீட்டில் அரை கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை ஒரு கையில் கால் மணி நேரம் பிடித்துப் பாருங்கள்.

படி 4: சிம் வேண்டுமா?

என் பரிந்துரை வைஃபை மட்டும் உள்ள மாடல். வெளியே போனால் போனின் ஹாட்ஸ்பாட் போதும். சிம் போடும் மாடலுக்குக் கூடுதல் விலை, மாதாமாதம் ரீசார்ஜும் உண்டு. வாட்ஸ்அப்பை டேப்லெட்டில் இணைத்த சாதனமாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குத் தனி எண் தேவையில்லை. ஆனால் 14 நாளுக்கு ஒருமுறையாவது போனில் திறக்காவிட்டால் இணைப்பு அறுந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

படி 5: பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். ரேம் (ஆப்கள் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகம்) 4 ஜிபி வேண்டாம், 6 குறைந்தபட்சம், 8 இருந்தால் நிம்மதி. சேமிப்பு 128 ஜிபி. 64 ஜிபி என்று போட்டிருப்பதில் ஒரு பங்கைச் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும், ஸ்கேன் நூல்கள் ஒவ்வொன்றும் பெரிய கோப்பு. மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் நல்லது, ஐபேடில் அது கிடையாது. சேமிப்பு வகை இஎம்எம்சி என்றால் மெதுவாக இருக்கும், யுஎஃப்எஸ் என்றால் வேகம்.

நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் படம் பார்ப்பீர்கள் என்றால் வைட்வைன் எல்1 இருக்கிறதா என்று கேளுங்கள். வைட்வைன் என்பது படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டு, எல்1, எல்3 அதன் நிலைகள். எல்3 மட்டும் இருந்தால், திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். யூடியூபுக்கு இது பொருந்தாது.

பட்ஜெட் இடம் கொடுத்து, ஆறேழு வருடம் ஒரே கருவியை வைத்துக்கொள்பவர் என்றால் சாதாரண ஐபேடையே சொல்வேன். அப்டேட் நீண்ட காலம் வருகிறது, 2025-இல் வந்த மாடலில் அடிப்படைச் சேமிப்பே 128 ஜிபி, தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற விசைப்பலகை ஆப்பைப் போட்டுக்கொண்டால் தமிழ்99 கிடைக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டில் உருவான அமைப்பு அது. தமிழில் நிறைய எழுதுகிறவர்கள் ஒரு வாரம் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளுங்கள், நான் அதில்தான் வேலை செய்கிறேன்.

படி 6: கடையில்

ஆன்லைனில் விலையைப் பாருங்கள், ஆனால் ஒருமுறையாவது கையில் பிடிக்காமல் வாங்காதீர்கள். சென்னையில் மவுண்ட் ரோடு, தி.நகர் பக்கம் டெமோ பீஸ் வைத்திருக்கும் கடைகள் உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட் கவர், கேபிள், திரைமேல் ஒட்டும் ஸ்க்ரீன் கார்டு வாங்க நல்ல இடம். டேப்லெட்டை மட்டும் பில், வாரண்டி சரியாகக் கிடைக்கும் கடையில் வாங்குங்கள்.

உங்கள் பிடிஎஃப்-ஐ கூகுள் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். கடைக்காரர் காட்டும் வண்ண வீடியோவில் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரியும். "ஒரு நிமிஷம், என் ஃபைலைத் திறந்து பார்க்கிறேன்" என்று கேளுங்கள். நான் கேட்டேன், யாரும் மறுக்கவில்லை. பக்கத்தை வேகமாகத் தள்ளும்போது வெள்ளையாக நின்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். பிறகு வாசல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அந்த வெளிச்சம் திரையில் எவ்வளவு பளபளக்கிறது என்று பாருங்கள்.

விலையோடு கவரையும், பெட்டியில் சார்ஜர் இல்லாவிட்டால் அதையும் கூட்டுங்கள். மொத்தத்தை நான்கு வருடத்தால் வகுத்து, படி 1-இல் மிஞ்சிய பயன்பாட்டோடு வைத்துப் பாருங்கள். நாங்கள் கடைசியில் வாங்கியது 11 அங்குலம், 8 ஜிபி ரேம், 128 ஜிபி, வைஃபை மட்டும் உள்ள ஆண்ட்ராய்டு.

பின்சேர்க்கை 1: வாசகி ஒருவர் எழுதியிருந்தார். இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வைஃபை மாடல் வாங்கிக் கொடுத்தாராம், கரண்ட் பில் கட்ட யுபிஐ ஆப் அதில் பதிவாகவே இல்லை. ஆமாம், பதிவு செய்யும்போது அந்தக் கருவியில் இருக்கும் சிம்மில் இருந்தே எஸ்எம்எஸ் போக வேண்டும். யுபிஐ வேலையைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டேப்லெட்டில் பில் கட்ட வேண்டுமானால் மின்வாரிய இணையதளத்தில் கார்டு அல்லது நெட்பேங்கிங் வழியாகக் கட்டலாம், ஓடிபி போனுக்கு வரும். இதை முதலிலேயே எழுதாமல் விட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பின்சேர்க்கை 2: கத்திரி வெயிலில் சார்ஜ் ஏறாமல் நிற்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். பெரும்பாலும் பழுது இல்லை. பேட்டரி சூடானால் கருவியே சார்ஜைக் குறைக்கும், நிறுத்தியும்விடும். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பநிலையே 35 டிகிரி வரைதான், மே மாதம் நம் ஊர் மதியம் 40-ஐத் தொடுகிறது. கவரைக் கழற்றி, மெத்தைமேல் வைக்காமல் தரையில் வைத்து, விடியற்காலையில் சார்ஜ் போடுங்கள். அப்பா இப்போது காலை காபி போடும் நேரத்தில் போட்டுவிடுகிறார், இரவு வரை வருகிறது.