சாலைத் தடுப்பில் போலீஸ் நடவடிக்கையைக் கைப்பேசியில் பதிவு செய்வது எப்படி? கோலாலம்பூருக்கு ஒரு செய்முறை விளக்கம்

இரவு பத்தரை மணி. பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் தடுப்புப் போட்டிருக்கிறார்கள். முன்னால் போன மோட்டார் சைக்கிள் பையனை ஓரங்கட்டி, சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். கைப்பேசியை எடுக்கலாமா? எடுக்கலாம். பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீசாரைப் படம் எடுப்பதே குற்றம் என்று மலேசியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் அதை உரிமை என்று எழுதிவைத்த சட்டமும் இல்லை. அதனால் எப்படி எடுக்கிறோம், எடுத்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் எல்லைகள். குற்றவியல் சட்டம் 186ஆவது பிரிவின்படி, அரசு ஊழியரின் கடமையை வேண்டுமென்றே தடுத்தால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். சிவப்பு எழுத்தில் ‘காவாசான் லாராங்கான்’ (தடைசெய்யப்பட்ட பகுதி) அல்லது ‘தெம்பாட் லாராங்கான்’ (தடைசெய்யப்பட்ட இடம்) என்ற பலகை இருக்கும் இடத்தில் கேமராவை எடுக்காதீர்கள். அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக வேலை செய்கிறது. இந்த இரண்டையும் தாண்டாமல் நின்றால் பாதிக் கவலை போய்விடும்.

படி 1: இன்றைக்கே கைப்பேசியைத் தயார் செய்யுங்கள்

பூட்டைத் திறக்காமலே கேமராவுக்குப் போகப் பழகுங்கள். ஐபோனில் பூட்டுத் திரையை இடப்பக்கம் தள்ளினால் போதும். பல ஆண்ட்ராய்டுகளில் பவர் பட்டனை இருமுறை அழுத்த வேண்டும். இப்படி எடுக்கும்போது உங்கள் வாட்ஸ்அப்பும் மற்ற படங்களும் பூட்டியபடியே இருக்கும். கைப்பேசி கை மாறினாலும் பயமில்லை.

வீடியோவை 1080பி, 30 ஃபிரேமில் வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 எம்பி பிடிக்கும். 4கே வைத்தால் அதைவிடப் பல மடங்கு. இடம் தீர்ந்து முக்கியமான நேரத்தில் பதிவு நின்றுபோவது மிகச் சாதாரணமாக நடக்கும் கோளாறு. 5 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

கூகுள் ஃபோட்டோஸ் வழக்கமாக வைஃபை கிடைத்தால்தான் மேலே ஏற்றும். அமைப்புக்குள் போய் மொபைல் டேட்டாவிலும் வீடியோ ஏற அனுமதி கொடுங்கள். பதிவை நிறுத்திய பிறகுதான் அது ஏறத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: இடத்தில்

நான்கைந்து மீட்டர் தள்ளி, அவர்கள் நடமாடும் வழியில் இல்லாமல் நில்லுங்கள். சட்டம் சொல்லும் தூரமல்ல இது, அனுபவத்தில் ஒத்துவரும் தூரம். பக்கத்தில் போனால் அவர்களுக்கு 186ஆவது பிரிவு நினைவுக்கு வரும், தூரத்தில் போனால் பெயர் தெரியாது. கைப்பேசியைக் குறுக்காகப் பிடியுங்கள்.

முதல் பத்து விநாடியில் தாழ்ந்த குரலில் தேதி, மணி, சாலைப் பெயர், அருகில் இருக்கும் கடை அல்லது எல்ஆர்டி நிலையம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். உங்கள் குரல் ஓங்கினால் அவர்கள் பேசியது அமுங்கிப்போகும். நீங்கள் திட்டியதும் ஆதாரமாகிவிடும்.

அடுத்து முகம், மார்பில் உள்ள பெயர்ப் பட்டை, வாகன எண். இரவில் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டார்ச்சைப் போட்டால் பிரதிபலிப்பு மேலங்கியின் பட்டைகள் வெள்ளையாக எரியும். கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும், பெயர்ப் பட்டை கறுத்துவிடும். நீல விளக்கு மின்னும்போதும் இதே கதைதான். டார்ச்சை அணைத்துவிட்டு, திரையில் பெயர்ப் பட்டை மீது விரலைச் சற்று நேரம் அழுத்தி வையுங்கள். வெளிச்சமும் குவியமும் அங்கேயே நிலைத்து நிற்கும். இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டாம், எழுத்து கலங்கும்.

போலீசார் சாதாரண உடையில் இருந்தால் ‘காட் குவாசா’ எனும் அதிகார அட்டையைக் கேளுங்கள். நீலம் இன்ஸ்பெக்டருக்கும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழ், வெள்ளை ரிசர்வ் போலீஸ். சிவப்பு என்றால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர், உங்கள் மீது அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

படி 3: ‘பெர்ஹெந்தி ரக்காம்’ (பதிவை நிறுத்து) என்றால்

வாதாடாதீர்கள். ‘துவான், சாயா ரக்காம் டாரி சினி சாஜா, தாக் கங்கு துகாஸ்’ (ஐயா, இங்கிருந்துதான் பதிவு செய்கிறேன், வேலைக்கு இடையூறு இல்லை) என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போங்கள். இன்னும் தள்ளிப் போகச் சொன்னால் போங்கள், பதிவு ஓடட்டும். உங்களையே நிறுத்தி வைத்தால் ‘சாயா டிதாஹான் அத்தாவ் போலே பெர்கி?’ (என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா, போகலாமா?) என்று கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்லவும், வழக்கறிஞரோடும் உறவினர் ஒருவரோடும் பேச விடவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு அவர்களைக் கட்டாயப்படுத்துகிறது.

படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் மிரட்டலுக்குப் பயந்து அழித்துவிட்டீர்களா? பதற வேண்டாம். ஐபோனில் அண்மையில் அழித்தவை 30 நாள் வரை இருக்கும். கூகுள் ஃபோட்டோஸ் குப்பைத்தொட்டியில், மேலே ஏற்றியிருந்தால் 60 நாள். கைப்பேசியைப் பறிமுதல் செய்தால் ‘போராங் போங்கார்’ எனும் பறிமுதல் பட்டியலின் நகல் கேட்டு வாங்குங்கள். அதில் மாடலும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: அன்றிரவே

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வெட்டுவது, பாட்டுப் போடுவது, பெயர் மாற்றுவது எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நேரம் போன்ற உள்விவரமும் போய்விடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள். பென்டிரைவில் ஒரு நகல், கிளவுட் சேமிப்பில் ஒரு நகல். பார்த்ததை ஒரு தாளில் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். அங்கிருந்த இன்னொருவரின் பெயரையும் எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்டாக்கில் போடும் ஆசை வரும். பொறுங்கள். இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கும் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவுக்கான தண்டனை 2025 பிப்ரவரியில் 500,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை என்று ஏறியிருக்கிறது. ‘லஞ்சம் வாங்கிய நாய்’ என்று எழுதினால் வழக்கு உங்கள் மீது திரும்பும். பிடிபட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் முகத்தை வெளியிடவே கூடாது. அந்தப் பையனின் முகம் அவன் வேலையிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அடிபட்டவனுக்கு இன்னொரு அடி.

2009 ஜனவரியில் தைப்பான் போலீஸ் நிலையத் தடுப்புக்காவலில் இறந்த ஏ. குகனின் உடலைக் குடும்பத்தார் சவக்கிடங்கில் படம் எடுத்தார்கள். நுரையீரலில் நீர் சேர்ந்ததாகச் சொன்னது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் இரண்டாவது பரிசோதனைக்குப் போராடியது. அதுதான் அடி உதையைக் காரணமாகச் சொன்னது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டியதால்தான் அது நடந்தது.

படி 5: புகார்

எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். பெயர், எண், நேரம், இடம் மட்டும் போதும், பெயரடைகள் வேண்டாம். நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதே விவரத்தை புக்கிட் அமான் நேர்மை, தரநிலைப் பின்பற்றல் துறைக்கும், 2023 ஜூலை 1 முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். இந்த ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, விசாரித்துப் பரிந்துரைக்கத்தான் முடியும். 2005இல் போலீஸ் துறையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் கேட்டது இதைவிட வலுவான ஒன்றை. பணம் கேட்டிருந்தால் ஊழல் தடுப்பு ஆணையம், 1-800-88-6000.

புகார் செய்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். அதிலிருந்து 4 வாரம் எண்ணி இன்னொரு குறி. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், அன்றைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைக் குறிப்பிட்டு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நிலையத் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். ஒரு நகலில் ‘தெரிமா’ (பெற்றுக்கொண்டது) முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2 வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த முத்திரை பதித்த நகலோடு அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு எழுதுங்கள்.