தும்மல் பருவத்துக்கு மூலிகை: எதில் தொடங்குவது, எதைத் தொடக்கூடாது

எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பதினைந்து தும்மல், அப்புறம் கண் அரிப்பு, அப்புறம் நாள் முழுக்க ஒழுகும் மூக்கு. வருடத்தில் குறிப்பிட்ட ஆறேழு வாரம் மட்டும் இப்படி, மற்ற நாட்களில் ஒன்றுமில்லை. இது பெரும்பாலும் மகரந்த ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. உங்களுக்கும் இதே கதை என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். காய்ச்சலும் உடம்புவலியும் இருந்தால் அது வேறு விஷயம். மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தாலோ நெஞ்சு இறுகினாலோ மூலிகையைத் தேட வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள்.

நான் மருத்துவர் இல்லை. மூன்று பருவங்கள் தப்பும் தவறுமாகச் செய்து பார்த்து, நாலாவது பருவத்தில்தான் ஓரளவு நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்த மகரந்தம் என்று கண்டுபிடியுங்கள்

மூலிகை வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். தோலில் சின்னதாகக் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை போதும். 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பு வருகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். முந்தின நாள் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு போனதால் என் முதல் பரிசோதனை வீணாகிவிட்டது. அந்த மாத்திரை தோலின் எதிர்வினையையும் அடக்கிவிடும். பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு வழியில்லை என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேதி, வெளியே போன நேரம், சுற்றிலும் பூத்திருப்பது என்ன, எத்தனை தும்மல். இதற்குக் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன, ஆனால் எனக்குக் காகிதம்தான் கைகொடுத்தது. மரங்கள், புற்கள், களைச்செடிகள் மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு காலத்தில் மகரந்தம் விடும். அதனால் நாட்காட்டியே பாதி விடையைச் சொல்லிவிடும்.

படி 2: மூலிகையின் குடும்பத்தைப் பாருங்கள்

நான் விழுந்த குழி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாவது பருவத்தில், "அலர்ஜிக்கு நல்லது, தூக்கமும் வரும்" என்று எங்கோ படித்துவிட்டுத் தினமும் இரவு கெமோமில் என்ற, சாமந்தி போன்ற சின்னப் பூவில் போடும் தேநீர் குடித்தேன். நாலைந்து நாளில் தும்மல் கூடியது. மகரந்தம் அதிகமாகிவிட்டது போல என்று நினைத்து, ஒரு கோப்பையை இரண்டாக்கினேன்! பத்தாவது நாள் உதடும் தொண்டையும் அரிக்க ஆரம்பித்தபோதுதான் சந்தேகம் வந்தது. பின்னால் செய்த பரிசோதனையில் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் எனக்கு ஆகாது என்று தெரிந்தது. கெமோமில்லும் ராக்வீடும் ஒரே சூரியகாந்திக் குடும்பம். இரண்டிலும் உள்ள புரதங்கள் ஒன்றுபோல இருப்பதால் உடம்புக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எதிரியைத் தினமும் கோப்பையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனவே ராக்வீட், பார்த்தீனியம், மாசிபத்திரி இவற்றில் ஏதாவது உங்களுக்கு ஆகாது என்றால் கெமோமில், எக்கினேசியா, சாமந்திப்பூ, டான்டேலியன் எல்லாவற்றிலும் எச்சரிக்கை தேவை. கரிசலாங்கண்ணியும் இதே குடும்பம்தான். மாசிபத்திரி மகரந்தம் ஆகாதவர்களில் சிலருக்குச் சோம்பு, கொத்தமல்லி, சீரகம் கூட வாய் அரிப்பைத் தரும். ஆக "வெறும் சோம்புத் தண்ணீர்தானே" என்று சொல்லிவிட முடியாது.

துளசியும் புதினாவும் வேறு குடும்பம். இஞ்சியும் மஞ்சளும் இன்னொரு குடும்பம். எனக்கு ஒத்துக்கொண்டது இஞ்சி. எதுவானாலும் முதல் நாள் கால் கோப்பை மட்டும் குடித்துவிட்டு, மறுநாள் வரை பொறுத்துப் பாருங்கள்.

இன்னொன்று: கலவைப் பொடிகளை நான் வாங்குவதே இல்லை. பன்னிரண்டு மூலிகை ஒரே பொட்டலத்தில் இருந்தால், உதவியது எது, கெடுத்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நேரத்தில் ஒரே மூலிகை, குறைந்தது ஒரு வாரம்.

படி 3: உப்பு நீரில் மூக்கைக் கழுவுங்கள்

இது மூலிகை இல்லைதான். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் மகரந்தத்தை வெளியேற்றாமல் மேலே கஷாயம் குடித்து என்ன பயன்?

240 மி.லி. தண்ணீருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் உப்பு. லிட்டருக்கு 9 கிராம் என்பது கணக்கு. உப்பு அயோடின் சேர்க்காததாக இருக்கட்டும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டீஸ்பூன் கணக்கில் பொடி உப்பும் கல் உப்பும் ஒன்றாகாது. உப்பு குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும்.

குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. மூளையைத் தாக்கும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் மிகமிகக் குறைவு. மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெதுவெதுப்பாக ஆறவைத்த நீரே வேண்டும். மிச்சத்தை மூடிவைத்தால் ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மூக்கு கழுவுவதற்கென்றே உள்ள, கெண்டி மாதிரியான நேட்டி பாட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் புதியவர்களுக்கு அழுத்திப் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டில்தான் சுலபம். தொட்டிமேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மெதுவாக அழுத்துங்கள். மறு துவாரம் வழியாக வரும். முடிந்ததும் மூக்கை வேகமாகச் சிந்தாதீர்கள், காது அடைத்துக்கொள்ளும். மூக்கு முழுசாக அடைத்திருந்தாலோ காதுவலி இருந்தாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள். பாட்டிலைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள்.

படி 4: இஞ்சிக் கஷாயம்

ஒரு அங்குல இஞ்சியைத் தோல் சீவி நசுக்கி, 300 மி.லி. தண்ணீரில் சிறுதீயில் பத்து நிமிடம், மூடி போட்டு. வடிகட்டி, காலையில் ஒரு கோப்பை. அவ்வளவுதான்.

2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமையால் மூக்கொழுகல் உள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 500 மி.கி. இஞ்சிச் சாறும் மற்றவர்களுக்கு லோராடடின் என்ற அலர்ஜி மாத்திரையும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு தரப்பிலும் மூக்குத் தொந்தரவு ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆனால் அது அளந்து தயாரித்த சாறு, நம் கஷாயம் அல்ல. எனக்குத் தும்மல் பாதியானது, நிற்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினசரி இஞ்சியில் இறங்க வேண்டாம். சுவைக்காக அதிமதுரம் சேர்ப்பவர்களும் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது.

படி 5: ஆவி

நொச்சியோ துளசியோ போட்டு ஐந்து நிமிடம் பிடிக்கலாம். இதமாக இருக்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். பாத்திரத்தை மடியில் வைக்காமல் ஆடாத மேசைமேல் வையுங்கள். குழந்தைகளுக்கு வேண்டாம், வெந்நீர் கொட்டிய விபத்துகள் நிறைய. புதினாவிலுள்ள மென்தால் மூக்கைத் திறந்துவிட்டது போல ஒரு குளிர்ச்சியைத் தரும். உண்மையில் அடைப்பு அப்படியே இருக்கும்.

நான் தொடாதவை

பட்டர்பர். 2002இல் 125 பேரிடம் நடந்த ஆய்வில் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரைக்கு நிகராக வேலை செய்தது இந்தச் செடியின் சாறு. ஆனால் செடியில் இயல்பாகவே ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. அவற்றை நீக்காமல் வரும் பொடியும் இலையும் ஆபத்து.

அப்புறம் தேன். "அருகிலேயே எடுத்த தேன் சாப்பிட்டால் மகரந்தம் பழகிவிடும்" என்பார்கள். தேனீ தேடிப்போவது பளிச்சென்ற பூக்களை; நம்மைத் தும்மவைப்பது பெரும்பாலும் காற்றில் பறக்கும் மகரந்தம். 2002இல் இதையும் ஆராய்ந்து பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. ருசிக்குச் சாப்பிடுங்கள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் கொடுக்கவே கூடாது.

பிற்சேர்க்கை

இதைப் படித்த இரண்டு பேர் கேட்டது: அலர்ஜி மாத்திரையோடு சேர்த்துச் செய்யலாமா? மூக்கு கழுவுவதில் தடையில்லை. மூக்கில் அடிக்கும் மருந்து இருந்தால் முதலில் கழுவிவிட்டு அப்புறம் அடியுங்கள், இல்லையென்றால் மருந்தும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் வரவைக்கும் மூலிகைகளை மட்டும், அதே குணமுள்ள பழைய ரக மாத்திரைகளோடு சேர்க்காதீர்கள்.

இன்னொருவர் படி 2ஐப் படித்துவிட்டுக் குடிப்பதை நிறுத்தினார், ஆனால் ஆறிய கெமோமில் நீரால் கண்ணைக் கழுவுவதைத் தொடர்ந்தார். கண் வீங்கிவிட்டது. குடித்தாலும் கழுவினாலும் அதே பூ, அதே மகரந்தம். கண் அரிப்புக்குச் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து நிமிடம் வையுங்கள். கசக்காதீர்கள்.