பள்ளி நூலகத்திற்கு நூல் சேர்ப்பதும் பணம் ஒதுக்குவதும்

நூலகத்திற்குப் பணம் ஒதுக்கப்பட்டது என்றவுடன் பல பள்ளிகள் முதலில் தேடுவது பதிப்பகங்களின் விலைப்பட்டியலைத்தான். ஆனால் முதல் வேலை அலமாரியின் முன்னால் காத்திருக்கிறது. எவை இருக்கின்றன, எவை மாணவர் கைக்குப் போய் வருகின்றன, எவை வந்த நாளிலிருந்து அசையாமல் நிற்கின்றன என்பதை அறியாமல் வாங்கினால், ஏற்கெனவே நிறைந்திருக்கும் தட்டே மீண்டும் நிறையும். வெறுமையாக இருக்கும் தட்டு அப்படியே இருக்கும்.

ஆகவே முதலில் இருப்பைச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் பதிவேட்டிலுள்ள எண்ணை வாசிக்க, மற்றொருவர் அலமாரியில் அந்த நூலைத் தேடி எடுப்பது எளிய முறை. எடுத்த நூலை உடனே திருப்பி வைத்துவிடாமல், அதன் கடைசிப் பக்கத்தில் ஒட்டியுள்ள தேதித் தாளையும் பார்த்துவிட வேண்டும். முதல் தாள் நிரம்பி, அதன் மேலேயே இரண்டாவது தாள் ஒட்டப்பட்டு, மூலைகள் மழுங்கி, முதுகில் பசைநாடா சுற்றிய நூல் ஒன்று கையில் வந்தால், அதற்கு இன்னொரு படி வேண்டும் என்று பொருள். அதே தட்டில் ஒரே உயரத்தில், ஒரே நிற அட்டையில் வரிசையாக நிற்கும் தொகுதிகளின் தேதித் தாள்கள் ஒரு முத்திரையும் விழாமல் வெண்மையாக இருக்கலாம். எந்த ஆய்வறிக்கையும் சொல்லாத செய்தியை இந்த இரண்டு நூல்களும் சொல்லிவிடும். கணினியில் இரவல் பதிவு வைத்திருக்கும் பள்ளிகள், ஒவ்வொரு நூலும் கடைசியாக இரவல் போன நாளை அதிலிருந்தே பட்டியலிட்டுக்கொள்ளலாம்.

அடுத்ததாக, நூல்களைப் பொருள்வாரியாக எண்ண வேண்டும். 1876இல் வெளியான டூயி தசமப் பகுப்பு முறை அறிவுத்துறைகளைப் பத்துப் பெரும் பிரிவுகளாக்குகிறது. பகுப்பு எண் இட்ட நூலகத்தில் அந்தப் பிரிவுகளையே அடிப்படையாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை நூல்கள் உள்ளன என்பதோடு, அவற்றின் பதிப்பு ஆண்டுகளின் சராசரியையும் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை மறைத்துவிடும் குறையை இந்தச் சராசரி காட்டிக் கொடுக்கும். வானியலில் 40 நூல்கள் இருப்பதாகப் பதிவேடு சொல்லலாம். அவற்றுள் பெரும்பாலானவை 2006க்கு முன் அச்சானவை என்றால், புளூட்டோவை இன்னும் ஒன்பதாவது கோளாகவே அவை கற்பித்துக்கொண்டிருக்கும். மருத்துவம், கணினி, புவியியல் ஆகிய துறைகளில் நூல்கள் விரைவில் பழமையாகிவிடும். கதை, கவிதை, நாட்டார் வழக்காறு ஆகியவற்றுக்கு ஆண்டுக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது தாளின் நிலையையும் வாசகர் விருப்பத்தையும்தான்.

நீக்குவதும் சேர்ப்பதின் ஒரு பகுதியே. தவறான தகவல் கொண்டவை, கிழிந்து சீர்செய்ய முடியாதவை, திருத்திய பதிப்பு வந்துவிட்டவை, இந்த வயது மாணவருக்குச் சற்றும் பொருந்தாதவை என நான்கு காரணங்களை எழுதி வைத்து, நிர்வாகத்தின் ஒப்புதலோடு ஆண்டுக்கு ஒரு முறை நீக்கலாம். நூலை நீக்குவது பாவம் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆயினும் பயனற்ற 20 நூல்களுக்கு நடுவே ஒரு நல்ல நூலை மறைத்து வைப்பது, அந்த நல்ல நூலுக்குச் செய்யும் அவமரியாதை. நூலகவியல் அறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. ஐந்தாவது, நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது. உயிருள்ளது எதுவும் பழையதை உதிர்த்துத்தான் வளர்கிறது. பள்ளியின் பழைய ஆண்டு மலர்கள், வட்டார வரலாறு, மறுபதிப்புக் காணாத அரிய நூல்கள் ஆகியவற்றை மட்டும் இரவல் போகவில்லை என்பதற்காக நீக்கிவிடக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகே தேவைப் பட்டியல் எழுத வேண்டும். ஆசிரியர்களிடம் “என்ன நூல் வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். “இந்தப் பருவத்தில் நீங்கள் கொடுக்கும் செயல்திட்டங்கள் எவை, அவற்றைச் செய்ய மாணவர்கள் எதைத் தேடி வருவார்கள்?” என்று கேட்டால் தலைப்புகள் தாமாகக் கிடைக்கும். மாணவர்களுக்கு, இரவல் கொடுக்கும் மேசையில் கயிற்றால் கட்டிய ஒரு குறிப்பேடும் பேனாவும் போதும். மாணவர்கள் கேட்டும் கிடைக்காத நூல்களின் பெயர்களையும் நூலகர் அதிலேயே எழுதிவர வேண்டும். ஒரு தொடர்கதையின் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு மூன்றாம் பாகத்தைக் கேட்டு ஏமாந்துபோகும் பிள்ளை, அடுத்த முறை நூலகத்துக்குள் வருவது உறுதியில்லை.

தேர்ந்தெடுக்கும்போது அட்டையையும் விளம்பரத்தையும் நம்பாமல், இயன்றவரை நூலைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. நடுப்பக்கத்தை விரித்து மேசையில் வைத்தால் கட்டு விரிசல் விடுகிறதா, எழுத்துகள் முதுகின் மடிப்புக்குள் மறைகின்றனவா, மெல்லிய தாளில் பின்பக்கத்து அச்சு தெரிகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். தகவல் நூலாயின் பதிப்பு ஆண்டும் பொருளடைவும் இருக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை உரக்கப் படித்துப் பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கான கதையில் வாக்கியம் மூச்சு வாங்க வைத்தால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நூல் தட்டிலேயே நிற்கும்.

இனிப் பணக் கணக்கு. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 2002இல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டி, ஒரு மாணவருக்குப் பத்து நூல்கள் என்பதை நியாயமான அளவாகச் சொன்னது. 400 மாணவர்கள் படிக்கும் பள்ளியில் பயன்படத்தக்க நூல்கள் 3,000 இருப்பதாகக் கொள்வோம். இலக்கு 4,000, பற்றாக்குறை 1,000. அதை ஐந்து ஆண்டுகளில் ஈடுசெய்ய ஆண்டுக்கு 200 நூல்கள் வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தேய்ந்து நீக்கப்படுபவை, தொலைந்துபோகிறவை எல்லாம் சேர்ந்து 150 என்று இருப்புச் சரிபார்ப்பில் தெரியவந்தால், அந்த ஆண்டு உண்மையில் வாங்க வேண்டியவை 350. சென்ற ஆண்டு செலுத்திய மொத்தத் தொகையை வாங்கிய நூல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நூலின் சராசரி விலை கிடைக்கும்; அதனோடு விலையேற்றத்தையும் சேர்த்து 350ஆல் பெருக்கினால் கிடைப்பதே கேட்க வேண்டிய தொகை.

இந்தக் கணக்கை நிர்வாகத்தின் முன் வைக்கும்போது, குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதியே கொடுக்க வேண்டும். 200 நூல்களுக்கு மட்டும் பணம் கிடைத்தால், அவற்றில் 150 இழப்பை ஈடுகட்டவே போய்விடும். ஆண்டுக்கு 50 மட்டுமே கூடி, ஐந்தாண்டு இலக்கு இருபதாண்டு இலக்காகிவிடும். 100 நூல்களுக்கு மட்டும் கிடைத்தாலோ, ஒவ்வோர் ஆண்டும் புதுநூல் கட்டுகள் வந்து இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலகம் ஆண்டுக்கு 50 நூல்கள் வீதம் சுருங்கிக்கொண்டிருக்கும். ஒரே முறை பெருந்தொகை பெற்று அலமாரியை நிரப்புவதைவிட, சிறு தொகையேனும் ஆண்டுதோறும் தவறாமல் கிடைப்பதையே நான் வலியுறுத்துவேன். ஒரே ஆண்டில் வாங்கியவை எல்லாம் ஒரே காலத்தில் பழமையாகும்; அப்போது மறுபடியும் அதே பெருந்தொகைக்காகக் கையேந்த வேண்டியிருக்கும்.

கிடைத்த தொகையை முழுவதும் நூலுக்கே எழுதிவிடக் கூடாது. 100 பங்கு என்று கொண்டால், 10 பங்கு நூல்கட்டு, மேலுறை, ஒட்டுத்தாள் முதலிய பராமரிப்புக்கும், 15 பங்கு இதழ்களுக்கும் மின்வழிச் சந்தாக்களுக்கும், 15 பங்கு ஆண்டின் நடுவில் எழும் தேவைகளுக்கும் நிறுத்தி, எஞ்சிய 60ஐ நூலுக்கு ஒதுக்குவது என் பரிந்துரை. சந்தாவில் ஒரு கவனம் தேவை: பணம் கட்டுவதை நிறுத்தினால் பெரும்பாலான மின்வழிச் சேவைகளில் நேற்றுவரை படித்தவையும் மறைந்துவிடும், அச்சு நூலோ அலமாரியில் இருக்கும். நூலுக்கான 60 பங்கில் பாடம் சார்ந்தவை, விருப்ப வாசிப்புக்கானவை என்னும் பிரிவைப் பள்ளியின் தேவையே முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன வழிகாட்டி, இருப்பில் குறைந்தது 60 விழுக்காடு பாடம் சார்ந்த தகவல் நூல்களாக இருக்க வேண்டும் என்றது. தொடக்க வகுப்புகளுக்குக் கதைகளின் பக்கமே தராசு சாய வேண்டும் என்பது என் கருத்து. வாசிக்கப் பழகாத பிள்ளைக்குத் தகவல் நூல் பூட்டிய பெட்டிதான்.

விற்பனையாளரிடம் விலைப்புள்ளி கேட்கும்போது தள்ளுபடியை மட்டும் ஒப்பிட வேண்டாம். கேட்ட தலைப்புகளையே தருகிறாரா, பழுதான படிகளை மாற்றித் தருவாரா, எத்தனை நாளில் வந்து சேரும் என்பவற்றையும் எழுத்தில் பெற வேண்டும். ஆண்டு இறுதிக்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், பட்டியலில் இல்லாத நூல்கள் அதிகத் தள்ளுபடியில் வந்து சேரும். இரண்டு தவணைகளாக வாங்கினால் இதைத் தவிர்க்கலாம்.

நன்கொடை நூல்களுக்கும் வாங்கும் நூல்களுக்குரிய அதே அளவுகோல்தான். பொருந்தாதவற்றை வேறிடத்திற்குக் கொடுத்துவிடும் உரிமை பள்ளிக்கு உண்டு என்பதை நன்கொடையாளரிடம் பெறும்போதே அன்போடு சொல்லிவிட்டால், பின்னால் மனவருத்தம் வராது.

நூல்கள் வந்ததும் பட்டியலோடு சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றி, முத்திரையிட்டு, பகுப்பு எண் ஒட்டி, இரண்டு வாரங்களுக்குள் தட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வாங்கிய ஒவ்வொரு நூலின் எதிரிலும் அது யார் கேட்டு வந்தது என்று பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால், கேட்டவருக்கு முதலில் சொல்லி அனுப்பலாம். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு கேட்கும்போது, எந்த வகைக் கோரிக்கைகளுக்கு வாங்கியவை அதிகம் இரவல் போயின என்ற கணக்கும் கையில் இருக்கும்.